இரவில் குமிழ் 8 மணியைத் தாண்ட முடியவில்லை: பாசிவ் வால்யூம் கன்ட்ரோல் போட்டால் தீருமா?

ஈசூன்_நாலறை

வணக்கம். நான் பாட்டு கேட்பவன் மட்டும்தான், பெட்டியைக் கழற்றிப் பார்க்கிற ஆள் இல்லை. கேள்வி ரொம்ப அடிப்படையாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கார்கோ பக்கம் ஷிப்ட் வேலை. வீடு வந்து சேர 11 ஆகிவிடும். சாப்பிட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பாட்டு கேட்டால்தான் தூக்கம் வரும். சிங்கப்பூரில் நாலறை அடுக்குமாடி வீடு. அம்மாவின் அறைக்கதவு ஸ்பீக்கருக்குப் பத்தடி தூரம்கூட இல்லை. பக்கத்து வீட்டில் கைக்குழந்தை வேறு. ஹெட்போன் போடலாமே என்று யாரும் ஆரம்பித்துவிடாதீர்கள். வேலையில் நாள் முழுக்கக் காதில் ஏதாவது மாட்டிக்கொண்டுதான் இருக்கிறேன், வீட்டிலும் வேண்டாம்.

செட் இதுதான். ஜன்னலோர மேசையில் ஸ்ட்ரீமர், டிஏசி (டிஜிட்டலை ஒலி சிக்னலாக மாற்றும் பெட்டி), வால்யூம் குமிழ் உள்ள பழைய ப்ரீஆம்ப். அங்கிருந்து சுவரோரமாக 4 மீட்டர் ஆர்சிஏ கேபிள் ஓடி டிவி மேசைக்கு அடியில் இருக்கும் பவர் ஆம்புக்குப் போகிறது. பவர் ஆம்ப் 8 ஓமில் 100 வாட், கெயின் (சிக்னலைப் பெருக்கும் அளவு) 29 டெசிபெல், இன்புட் 47 கிலோ ஓம். டிஏசி ஆர்சிஏவில் 2 வோல்ட், எக்ஸ்எல்ஆரில் 4 வோல்ட், அவுட்புட் 100 ஓம். ப்ரீஆம்பின் கெயின் 12 டெசிபெல். ஸ்பீக்கர் புக்‌ஷெல்ஃப் வகை, 1 வாட்டுக்கு ஒரு மீட்டரில் 87 டெசிபெல். எப்படியும் கேட்பீர்கள் என்று கையேடுகளைத் தேடிப் பிடித்து எழுதிவிட்டேன்.

பிரச்சினை என்னவென்றால், ப்ரீஆம்பின் குமிழை (கடிகார முள் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள்) 7 மணி நிலையிலிருந்து 8 மணிக்குத் திருப்பினாலே அம்மா எழுந்துவிடுவார். அதற்குக் கீழே வைத்தால் பாடகர் நடுவில் நிற்காமல் இடது ஸ்பீக்கருக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறார். இன்னும் ஒரு முடி குறைத்தால் வலது ஸ்பீக்கர் செத்தே போகிறது. அந்த இடத்தில் 'கரகர' சத்தமும் உண்டு.

ப்ரீஆம்பையே தூக்கிவிட்டு, கரண்டே வேண்டாத பாசிவ் வால்யூம் பெட்டி ஒன்றைப் போடலாமா என்று யோசிக்கிறேன். ஒரு கடையில் விசாரித்தேன். “பாசிவ் போட்டால் சத்தத்தில் உயிர் போய்விடும், டிரான்ஸ்ஃபார்மர் வால்யூம் வாங்குங்கள், 900 வெள்ளி” என்றார்கள். இணையத்தில் 60 வெள்ளிக்கு 10 கிலோ ஓம் பெட்டி கிடைக்கிறது. விற்பவர் “இதைவிடச் சுத்தமான வழி உலகத்திலேயே இல்லை” என்கிறார். இரண்டு பேருக்கும் விற்கப் பொருள் இருக்கிறது. விற்க எதுவும் இல்லாத யாராவது சொல்லுங்களேன். பெட்டி வாங்குவதென்றால் 10, 50, 100 கிலோ ஓம் இதில் எது? இன்னொன்று: ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில், சுவரில் பதிக்கிற மாதிரி ஒரு வால்யூம் போட்டால் இன்னும் சுலபமா?

தேக்கா_டர்ன்டேபிள்

ப்ரோ, நான் பாசிவ் போட்டுப் பார்த்துவிட்டுக் கழற்றியவன். என்னுடையது இசைத்தட்டு. குமிழை முழுக்கத் திறந்தாலும் சத்தம் பத்தவில்லை, 'சப்'பென்று இருந்தது. கடைக்காரர் சொன்ன 'உயிர்' இதுதானோ என்னவோ. உங்களுக்கு டிஏசி என்பதால் வேறு மாதிரி இருக்கலாம். நானும் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

செம்பவாங்_சால்டர்

தம்பி, நம்பர் எல்லாம் எழுதிக் கேட்டாயே, முதலில் அதற்கு நன்றி. இங்கே பாதிப் பேர் “சவுண்டு கொஞ்சம் டல், என்ன பண்ணலாம்” என்று மட்டும் எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். நான் கப்பல் பட்டறையில் கருவிப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். பொழுதுபோக்குக்கு இன்னமும் ஈயம் வைக்கிறேன். விற்க ஒன்றும் இல்லை.

உன் நோய் வால்யூம் கன்ட்ரோல் இல்லை, அளவுக்கு மீறிய கெயின். 29 டெசிபெல் என்றால் வோல்டேஜ் 28 மடங்கு. 8 ஓமில் 100 வாட்டுக்கு 28 வோல்ட் வேண்டும். அப்படியென்றால் உன் பவர் ஆம்புக்கு 1 வோல்ட் கொடுத்தாலே அது உச்சத்துக்குப் போய்விடும். உன் டிஏசியோ 2 வோல்ட் தருகிறது. ஏற்கெனவே இரண்டு மடங்கு. நடுவில் உட்கார்ந்திருக்கும் ப்ரீஆம்ப் அதை இன்னும் நான்கு மடங்கு ஆக்குகிறது. தீயணைப்புக் குழாயைத் திறந்துவைத்துக்கொண்டு டம்ளரில் தண்ணீர் பிடிக்கிறாய்.

நீ ராத்திரி கேட்கிற அளவுக்கு எவ்வளவு வேண்டும்? உன் ஸ்பீக்கரில் 0.1 வாட் போனால் ஒரு மீட்டர் தூரத்தில் 77 டெசிபெல். மத்தளத்தில் அடி விழும் உச்சம் அங்கே நிற்கட்டும். பாட்டின் சராசரி அதற்கும் 15 டெசிபெல் கீழே இருக்கும். அது பேச்சுக்குரல் அளவு. 0.1 வாட் என்பது ஸ்பீக்கரில் 0.9 வோல்ட், ஆம்பின் வாயில் வெறும் 32 மில்லிவோல்ட். டிஏசியின் 2 வோல்ட்டிலிருந்து அங்கே இறங்க 36 டெசிபெல் குறைக்க வேண்டும். ப்ரீஆம்ப் 12 ஏற்றிவிடுகிறது என்பதால் உன் குமிழ் 48 குறைக்க வேண்டியிருக்கிறது. அந்த இடம்தான் 8 மணி.

அங்கே ஏன் ஒரு பக்கம் சாய்கிறது? குமிழுக்குப் பின்னால் இருக்கும் பொட்டென்ஷியோமீட்டரில் (சுருக்கமாக 'பொட்') ஒரே தண்டில் இரண்டு கார்பன் தடங்கள், இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. காதுக்கு ஏற்ற மாதிரி ஏறுவதற்காக அந்தத் தடத்தை இரண்டு மூன்று துண்டுகளாக வெவ்வேறு மைக் கலவையில் அச்சடிப்பார்கள். அடிமட்டத் துண்டில் இரண்டு தடமும் அச்சு அசலாக ஒத்துப்போவதில்லை. நீலநிற உடம்போடு வரும் ஆல்ப்ஸ் ஆர்கே27 மாதிரி நல்ல சரக்கில் பிசகு குறைவு, மலிவில் அதிகம். எதிலும் சுத்தமாக இல்லை என்று சொல்ல முடியாது. கரகரப்பு வேறு கதை. நம்ம ஊர் ஈரப்பதத்துக்குத் தடத்தின் மேல் படலம் படியும். ஆம்பையும் ப்ரீஆம்பையும் அணைத்துவிட்டு கான்டாக்ட் கிளீனர் அடித்துப் பத்து இருபது தடவை திருப்பினால் போகும், கொஞ்ச காலத்துக்கு.

ஆகவே ப்ரீஆம்பைத் தூக்கினால் குமிழின் வேலை 48-லிருந்து 36 ஆகிறது. நல்லதுதான், ஆனால் பத்தாது. இன்னொரு 10 டெசிபெலை நிரந்தரமாக வெட்டிவிட்டால் குமிழ் 26-இல் நிற்கும், ஏறக்குறைய 10, 11 மணி வாக்கில். அங்கே இரண்டு தடமும் ஒழுங்காக ஒத்துப்போகும்.

'உயிர் போய்விடும்' என்ற பேச்சுக்கு வருவோம். அது முழுப் பொய்யும் இல்லை. பாசிவ் என்றால் உள்ளே தள்ளிவிட ஆள் கிடையாது, வெறும் தடை. அந்தத் தடையின் வழியாகத்தான் உன் 4 மீட்டர் கேபிளை சிக்னல் ஓட்ட வேண்டும். கேபிள் என்பது ஒரு கெப்பாசிட்டர். மீட்டருக்கு 100 பிகோஃபாரட் என்று வை. 4 மீட்டருக்கு 400, ஆம்பின் வாயில் கொஞ்சம், ஆக 500. பொட்டின் அவுட்புட் தடை எங்கே அதிகமாகும் என்றால், 6 டெசிபெல் குறைத்த இடத்தில். மொத்த மதிப்பில் கால் பங்கு. 100 கிலோ பொட்டுக்கு 25 கிலோ, 50-க்கு 12.5, 10-க்கு 2.5.

கால்குலேட்டரை எடு. 159,000-ஐ அந்தக் கிலோ ஓமால் வகு, பிறகு பிகோஃபாரடால் வகு. மேல் சுருதி 3 டெசிபெல் விழும் இடம் கிலோஹெர்ட்ஸில் வரும். 100 கிலோ பொட்டுக்கு 12.7. இதில் தாளச் சத்தத்தின் பளபளப்பு நிச்சயம் மங்கும். 50 கிலோவுக்கு 25. கேட்பதற்குப் பரவாயில்லை, ஆனால் 20 கிலோஹெர்ட்ஸில் 2 டெசிபெல் போய்விடும். 10 கிலோவுக்கு 127. வௌவாலுக்கே போதும். யாரோ 100 கிலோ பொட்டில் நீளக் கேபிள் ஓட்டிக் கேட்டுவிட்டு, பாசிவ் என்ற சாதியையே குற்றம் சொல்லியிருக்கிறார்கள்.

உன் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு, இதை யாரும் சொல்வதில்லை. மேலே சொன்ன கணக்கு குமிழ் பாதிக்கு மேல் திறந்திருக்கும்போதுதான். 36 டெசிபெல் குறைத்து வைத்தால் 10 கிலோ பொட்டின் கீழ்த்துண்டு வெறும் 158 ஓம். உன் டிஏசியின் அவுட்புட்டுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசமே இல்லை. ராத்திரி மெதுவாகக் கேட்பவன் கேபிளைப் பற்றிக் கவலையே பட வேண்டாம்.

60 வெள்ளிப் பெட்டியையே வாங்கு, 10 கிலோ. உன் டிஏசி 100 ஓம் என்பதால் 10 கிலோவை ஓட்ட அதற்குச் சிரமமே இல்லை. வால்வு வைத்த டிஏசியாக இருந்தால் வேண்டாம் என்றிருப்பேன். அதன் அவுட்புட்டில் 0.47 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் இருந்து, நீ 10 கிலோ பொட்டைத் தொங்கவிட்டால் 34 ஹெர்ட்ஸிலேயே கீழ்ச் சுருதி கழன்றுவிடும். அங்கே 50 கிலோதான் சரி.

பெட்டி வந்ததும் திற. நாலு திருகுதான். பொட்டில் ஒவ்வொரு தடத்துக்கும் மூன்று கால் இருக்கும். இன்புட் சாக்கெட்டின் நடுமுனையிலிருந்து ஒரு கம்பி பொட்டின் மேல் காலுக்குப் போகும். அதை அங்கே எடுத்துவிட்டு இடையில் 22 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று. மெட்டல் ஃபிலிம், 1 சதவீதம், கால் வாட் போதும். மேலே சுருங்கு குழாய் போடு, மறந்துவிடாதே. ரெசிஸ்டரின் கால் பெட்டி உடம்பில் பட்டால் அந்தப் பக்கம் ஊமை. மறுபக்கமும் அதேபோல். 22-உம் 10-உம் சேர்ந்து 32. அதில் 10 என்றால் மூன்றில் ஒரு பங்கை ஒட்டி, 10 டெசிபெல் வெட்டு. சிம் லிம் டவரில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். பத்து வாங்கி மீட்டரில் அளந்து, ஒன்றுக்கொன்று நெருக்கமான இரண்டை எடுத்துக்கொள்.

ஆம்பின் 47 கிலோவும் சேர்ந்து இழுப்பதால் முழுக்கத் திறந்தாலும் இனி ஆம்புக்கு 0.54 வோல்ட்தான் போகும், 30 வாட்டை ஒட்டி வரும். தீபாவளிக்கு அது போதவில்லை என்றால் புளோக்கில் எல்லாரும் கதவைத் தட்டுவார்கள்.

எக்ஸ்எல்ஆரைத் தொடாதே. 4 வோல்ட் என்றால் இன்னும் 6 டெசிபெல் கூடுதல், உன் நோய்க்கு நேர் எதிர். ஒரு பக்கத்துக்கு இரண்டு தடம் வேறு வேண்டும், நாலு தட பொட் தேட வேண்டும்.

டிரான்ஸ்ஃபார்மர் வால்யூம் கெட்ட சரக்கு இல்லை. 20 டெசிபெல் குறைத்தால் டிஏசியின் அவுட்புட் தடை நூறில் ஒன்றாகிவிடும், கேபிள் கவலை அறவே கிடையாது. காப்பர் கம்பிக்கும் கோருக்கும் சுற்றுகிற கூலிக்கும் அந்த விலை தகும். பவர் ஆம்புக்குப் பக்கத்தில் வைத்தால் ரீங்காரம் பிடிக்கும், அது ஒன்றுதான் தொல்லை. உனக்கு ஐந்து வெள்ளி ரெசிஸ்டரில் தீருகிற விஷயத்துக்கு 900 எதற்கு?

மண்டப_மைக்

கடைசிக் கேள்விக்கு மட்டும் நான் சொல்கிறேன். கோயில் விழா, சமூக மன்ற நிகழ்ச்சி என்று ஒலி போடுகிறவன். மண்டபச் சுவரில் நீங்கள் பார்க்கிற வால்யூம் குமிழ் பெரும்பாலும் 100 வோல்ட் லைனில் ஓடுவது. ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் குட்டி டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும், குமிழுக்குள்ளும் இருக்கும். வீட்டு 8 ஓம் ஸ்பீக்கருக்கு அதைக் கொண்டுவந்து மாட்டாதீர்கள்.

8 ஓமுக்கென்றே எல்-பேட் என்று ஒன்று கிடைக்கும். ஆம்பின் சக்தியை அது வெப்பமாக எரித்துத் தள்ளும். அதைவிட முக்கியம், ஆம்ப் ஸ்பீக்கர் கோனைப் பிடித்து நிறுத்துகிற பிடி தளர்ந்துவிடும், பாஸ் தொளதொளவென்று ஆகும். ஸ்பீக்கருக்குள் மேல் சுருதி, கீழ்ச் சுருதியைப் பிரிக்கும் கிராஸ்ஓவரும் தடம் மாறும். சமையலறையில் கூடுதலாக ஒரு ஜோடி ஸ்பீக்கர் வைத்து வானொலி கேட்க அது போதும். உட்கார்ந்து கேட்கிற செட்டுக்கு வேண்டாம்.

செங்காங்_பிட்

சால்டர் ஐயா சொன்ன கணக்கெல்லாம் சரி. ஆனால் அந்தப் பெட்டியே எதற்கு என்பது என் கேள்வி. ஸ்ட்ரீமரிலேயே டிஜிட்டல் வால்யூம் இருக்குமே. 'பிட் குறைந்துவிடும்' என்று பயமுறுத்துவார்கள். 6 டெசிபெலுக்கு ஒரு பிட் என்பது உண்மைதான். ஆனால் பாட்டு 16 பிட், டிஏசிக்குப் போவது 24 பிட். நடுவில் 8 பிட், அதாவது 48 டெசிபெல் சும்மா கிடக்கிறது. நீங்கள் குறைக்கப்போவது 36. ஒரு பிட்டும் கீழே விழாது.

மிஞ்சுவது டிஏசியின் சொந்த இரைச்சல். 2 வோல்ட்டுக்கு 110 டெசிபெல் கீழே என்று வைத்துக்கொண்டால் 6 மைக்ரோவோல்ட். ஆம்ப் 28 மடங்கு பெருக்கினாலும் ஸ்பீக்கரில் 0.18 மில்லிவோல்ட், உங்கள் 87 டெசிபெல் ஸ்பீக்கரில் ஒரு மீட்டரில் 3 டெசிபெல் சத்தம். ஃபேன் ஓடும் வீட்டில் அது யாருக்கும் கேட்காது. இடது வலது பிசகு என்ற பேச்சே டிஜிட்டலில் கிடையாது, இரண்டும் ஒரே எண்ணால் பெருக்கப்படுகின்றன.

செம்பவாங்_சால்டர்

கணக்கில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை, பிட் தம்பி. உன் வழியில் சத்தம் நன்றாகவே இருக்கும். எனக்கு ஒரே பயம்தான். ஸ்ட்ரீமர் அப்டேட் ஆகி, வால்யூமை 100-க்குக் கொண்டுபோய் வைத்துக்கொண்டு ராத்திரி 12 மணிக்கு எழுந்தால் என்ன ஆகும்? உச்சத்துக்கு 1 வோல்ட் போதும் என்கிற ஆம்புக்கு நேராக 2 வோல்ட். ட்வீட்டர் (மேல் சுருதிக்கான சின்ன ஸ்பீக்கர்) போகும், அம்மா எழுவார், குழந்தை அழும். கையால் தொடுகிற குமிழ் ஒன்று வழியில் இருந்தால் நான் நிம்மதியாகத் தூங்குவேன். ஃபோனைத் திறந்து, ஆப்பைத் தேடி, பட்டையை இழுத்து… அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

செங்காங்_பிட்

அந்தப் பயம் நியாயம்தான் ஐயா. அப்படியானால் 10 டெசிபெல் வெட்டை டிஜிட்டல் வழிக்கும் போடலாம். ஆனால் அதைப் பெட்டிக்குள் வைக்காமல் ஆம்பின் வாயிலேயே வைப்பேன். 6.8 கிலோ தொடராக, 3.3 கிலோ குறுக்காக. ஆம்பின் 47 கிலோவும் சேர்ந்து சரியாக 10 டெசிபெல் இறங்கும். 4 மீட்டர் கேபிள் வழியில் எந்த ரீங்காரத்தைப் பிடித்து வந்தாலும் அதுவும் கூடவே 10 இறங்கும். உங்கள் 22 கிலோ முறையில் கேபிளுக்கு முன்னாலேயே சிக்னலைச் சின்னதாக்கிவிடுகிறீர்கள், கேபிள் பிடிப்பது அப்படியே ஆம்புக்குப் போகும்.

செம்பவாங்_சால்டர்

அது நல்ல பாயிண்ட். ரீங்காரம் இருந்தால் உன் முறைதான். ஆர்சிஏ பிளக்குக்குள்ளேயே இரண்டு ரெசிஸ்டரும் அடங்கிவிடும். பொட்டும் அதுவும் சேர்ந்தால் கூடிப்போனால் 2 டெசிபெல் கூடுதலாக இறங்கும், பாதகமில்லை. ரீங்காரம் இல்லாவிட்டால் ஒரு பக்கத்துக்கு ஒரே ரெசிஸ்டரோடு முடியும் என் முறை சுலபம். ஈசூன் தம்பி, முதலில் அதைப் பார். டிஏசியை அணைத்துவிட்டு ஆம்பை மட்டும் போட்டு ஸ்பீக்கரில் காது வை. ரீங்காரம் இருந்தாலும் சரி, யார் சொன்னாலும் சரி, மூணு பின் பிளக்கில் எர்த் பின்னை மட்டும் எடுத்துவிடாதே. அதைச் செய்துவிட்டு இங்கே வந்து பெருமை பேசுகிறவர்கள் இருக்கிறார்கள்.

இன்னொன்று. வாங்குவதற்கு முன்னால் இப்போதைய பிசகை அளந்துவை. 100 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை முழு அளவில் ஓடவிடு. ஆம்பை அணைத்துவைத்துவிட்டு, ப்ரீஆம்பின் அவுட்புட்டில் ஏசி மில்லிவோல்ட் பார். ராத்திரி கேட்கிற இடத்தில் குமிழை வை. மலிவு மீட்டர்களில் ஏசிக்கு 200 வோல்ட் என்று ஒரே அளவுதான் இருக்கும், அதில் ஒன்றும் தெரியாது. மில்லிவோல்ட் ஏசி உள்ள மீட்டர் வேண்டும்.

ஈசூன்_நாலறை

ஐயா, பிட் ப்ரோ, எல்லாருக்கும் நன்றி. தம்பி முறை ஒருவன் பாலிடெக்னிக்கில் படிக்கிறான், மீட்டரும் அவனுடையது, ஈயம் வைத்ததும் அவன்தான்.

பழைய ப்ரீஆம்பில் நான் கேட்கிற இடத்தில் இடது 32 மில்லிவோல்ட், வலது 24. அவன் கணக்குப் போட்டு 2.5 டெசிபெல் என்றான். ஐயா சொன்ன 32 அப்படியே வந்து நின்றதைப் பார்த்து எனக்கு ஆச்சரியம். ஸ்பீக்கரில் காது வைத்துக் கேட்டேன், ரீங்காரம் இல்லை, லேசான 'ஸ்' மட்டும். அதனால் 22 கிலோ வழியிலேயே போனோம்.

அதே சத்தத்தில் இப்போது இடது 31, வலது 30. குமிழ் 10 மணியைத் தாண்டி நிற்கிறது. பாடகர் நடுவில் நிற்கிறார். இதுநாள் வரை இடது ஸ்பீக்கரைத்தான் கொஞ்சம் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்! வயலின் எங்கே, மிருதங்கம் எங்கே என்று இப்போது தனித்தனியாகத் தெரிகிறது. 'ஸ்' மட்டும் அப்படியே இருக்கிறது, அது ஆம்பின் சொந்தச் சத்தமாம்.

ஒரே ஒரு குறை. ராத்திரி ரொம்ப மெதுவாக வைத்தால் பாஸ் மெலிந்து தெரிகிறது. கடைக்காரர் சொன்ன உயிர் இதுதானா?

செம்பவாங்_சால்டர்

இல்லை. அது உன் காது. சத்தம் குறையக் குறைய கீழ்ச் சுருதியை மனிதக் காது குறைவாகவே கேட்கும். ஃபிளெட்சர், மன்சன் இருவரும் 1933-லேயே அளந்து வரைபடம் போட்டுவிட்டார்கள். பழைய ஆம்ப்களில் 'லவுட்னஸ்' என்று ஒரு பொத்தான் இருக்குமே, அது இதற்காகத்தான். உன் ப்ரீஆம்பிலும் அந்தப் பொத்தான் அமுங்கியே கிடந்திருக்கும், போய்ப் பார். 900 வெள்ளிப் பெட்டி போட்டாலும் இது மாறாது. ஸ்ட்ரீமரில் ஈக்வலைசர் இருந்தால் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே 4 டெசிபெல் ஏற்று, ராத்திரிக்கு மட்டும். பகலில் மறக்காமல் எடுத்துவிடு.

தேக்கா தம்பிக்கும் ஒரு வரி. உன்னுடைய விஷயம் இதற்குத் தலைகீழ். இசைத்தட்டு ஊசி இருக்கும் மூவிங் மேக்னட் கார்ட்ரிட்ஜ் 5 மில்லிவோல்ட் தரும், அதைப் பெருக்கும் போனோ பெட்டி 40 டெசிபெல் ஏற்றினால் அரை வோல்ட். இவருடைய ஆம்பிலேயே அது 25 வாட்தான் தரும், கெயின் குறைந்த ஆம்பில் இன்னும் கீழே. 1982-இல் சிடி வந்து 2 வோல்ட் என்று ஆன பிறகுதான் பாசிவ் பெட்டிக்கே மவுசு வந்தது. உனக்கு ப்ரீஆம்ப் வேண்டும்.

ஈசூன்_நாலறை

பார்த்தேன் ஐயா. பொத்தான் அமுங்கித்தான் இருந்தது!

தேக்கா_டர்ன்டேபிள்

அப்போ ஈசூன் ப்ரோ, அந்தப் பழைய ப்ரீஆம்பை என்ன செய்யப்போகிறீர்கள்? போனோ இன்புட் வேலை செய்கிறதா? எனக்கு 12 டெசிபெல் கெயின் போதும். கரகரப்புக்கு கிளீனர் நானே அடித்துக்கொள்கிறேன். விலையைத் தனிச்செய்தியில் சொல்லுங்கள், ஈசூன் எம்ஆர்டிக்கே வந்து வாங்கிக்கொள்கிறேன்.

ஈசூன்_நாலறை

போனோ வேலை செய்கிறது, கையேடும் இருக்கிறது. சனிக்கிழமை எனக்கு ஓய்வு, மாலையில் வாருங்கள். இடது வலது பிசகை முதலிலேயே சொல்லிவிட்டேன், பிறகு விலை குறைக்கக் கூடாது.